கொலொம்பா அம்மாவின் ஆறு பெஸ்டோ

ஓர்னெல்லா பலகையில் குப்புறப் படுத்து பேசில் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பாத்திக்குக் குறுக்கே போட்ட பலகை. கீழே ஒரு முழத்தில் அந்தத் துளசி இனத்துச் செடி. செடி என்றால் விரல் நீளம்தான். ஆறு இலை விட்டதுமே வேரோடு எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் இலையில் புதினா வாடை ஏறிவிடும், பிறகு எந்த ஜெனோவாக்காரனும் அதைக் கையால் தொடமாட்டான். இடது கையால் மண்ணை நெகிழ்த்தி, வலது கையின் இரண்டு விரலால் இழுத்து, பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் பூங்கொத்து மாதிரி காகிதத்தில் சுற்றி, ரப்பர் பாண்ட் மாட்டிப் பெட்டியில் வைப்பாள். பிறகு ஒரு சாண் முன்னால் நகர்வாள். முப்பத்தோரு வருஷமாக இப்படித்தான், ஒரு சாண் ஒரு சாணாக.

மே மாதம். கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெயில் அடைந்துகிடந்தது. சரிவுக்குக் கீழே ஜெனோவாவின் வோல்த்ரி துறைமுகத்துக் கிரேன்கள், அதற்கப்பால் கடல். பசுமைக்குடிலுக்குள் இருப்பவர்களுக்குக் கடல் கண்ணுக்கு மட்டும்தான். காற்று வராது, பேசில் வாடைதான் வரும். அந்த வாடை பசியைக் கிளப்புகிறது என்று சொல்கிறவர்கள் அதைச் சாப்பாட்டு மேசையில் மட்டும் மோந்தவர்கள். காலை ஆறு மணியிலிருந்து அதன்மேல் முகத்தைக் கவிழ்த்துக் கிடப்பவளுக்கு அது தலைமுடியில் ஏறும், தொண்டையில் இறங்கும், தலைக்குக் குளித்தாலும் தலையணைக்குக் கூடவே வரும்.

ஐம்பத்தேழு வயதில் ஓர்னெல்லாவுக்கு முழங்கை வலித்தது, விலா வலித்தது. ஆனாலும் வேலைமேல் அவளுக்குக் கோபமில்லை. கோபம் அன்றைக்கு மதியம்தான் வந்தது.

மதியம் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அவளும் யாதிராவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். யாதிரா எக்வடோர் நாட்டுக்காரி. பதினெட்டு வருஷமாகப் பக்கத்துப் பலகை. ஓர்னெல்லா ரொட்டியை அறுத்து, வீட்டில் இடித்த பெஸ்டோ விழுது ஜாடியைத் திறந்தாள்.

"இன்னிக்கு என்ன பச்சை?" என்று யாதிரா கழுத்தை நீட்டினாள்.

"கேரட் தழை. பாதாம் போட்டது."

"முயலுக்கு வச்சதைப் பிடுங்கி எனக்குக் குடுக்கறே. குடு, குடு." அவள் ரொட்டியில் ஒரு விரல் கனத்துக்குத் தடவிக்கொண்டாள். வாயில் போட்டு மென்றுகொண்டே, "ஆமா, நீ பெரிய கள்ளி. என்கிட்டகூடச் சொல்லலியே" என்றாள்.

"என்னத்தை?"

"உங்க மாமியார் இத்தனை வகை செய்வாங்கன்னு."

ஓர்னெல்லா புரியாமல் பார்த்தாள். யாதிரா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அவள் மகள் முந்தின நாள் சிநேகிதனோடு ஓர்னெல்லாவின் கொழுந்தன் ரெமோ நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தாளாம். வாசல் கரும்பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். ரெமோவின் சுழித்த கையெழுத்து:

கொலொம்பா அம்மாவின் ஆறு பெஸ்டோ. எங்கள் பழைய அடுப்படியிலிருந்து.

அதற்குக் கீழே வரிசையாக: பார்ஸ்லியும் அக்ரூட்டும். மொச்சையும் புதினாவும். கேரட் தழையும் பாதாமும். சுக்கினியும் ஹேசல் கொட்டையும். வெயிலில் காய்ந்த தக்காளியும் பாதாமும். பொராஜ் கீரையும் அக்ரூட்டும்.

ஓர்னெல்லா இரண்டு தடவை படித்தாள். ரொட்டி கையிலேயே இருந்தது.

"கோழித் தீவனம்னு சொன்னது இவங்கதானே?" என்று யாதிரா கேட்டாள். கேட்டபிறகுதான் ஓர்னெல்லாவின் முகத்தைப் பார்த்தாள். "நான் வேற யாரோன்னு..." என்று இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

இவங்கதான். வேறு யாருமில்லை.

ஓர்னெல்லா மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த முதல் வசந்தத்தில், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு, பார்ஸ்லித் தழையும் அக்ரூட்டும் பூண்டும் சேர்த்து உரலில் இடித்து, பாஸ்தாவில் புரட்டி மேசையில் வைத்தாள். மாமியார் கொலொம்பா முள்கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய் கோழிக்கூண்டில் கொட்டிவிட்டு வந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். "பேசில், பைன் கொட்டை, பூண்டு, உப்பு, பசும்பால் சீஸ், செம்மறிப்பால் சீஸ், எண்ணெய். ஏழு. எட்டாவது வந்தா அதுக்குப் பேர் பெஸ்டோ இல்ல, கோழித் தீவனம்." ரெமோவுக்கு அப்போது இருபது வயது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தான். துல்லியோவும் சிரித்தான், கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத புருஷன்.

அந்தப் பேர் அப்படியே நிலைத்துவிட்டது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், யாருடைய பிறந்தநாளானாலும் ரெமோ வாசலிலேயே ஆரம்பிப்பான்: "ஓர்னெல்லா, கோழிங்க எல்லாம் சௌக்கியமா? சாப்பாடு ஆச்சா?"

அவள் செய்வதை நிறுத்தவில்லை. பசுமைக்குடிலில் வேலைக்குச் சேர்ந்தபிறகு வீட்டில் பேசிலைக் கண்டாலே குமட்டியது. இருந்தாலும் துல்லியோவுக்கு அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது. அதனால் ஞாயிறு காலையில் இரண்டு உரல். மூக்கைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு ஏழு பொருளில் ஒன்று. அதைக் கழுவிக் கவிழ்த்தபிறகு தனக்கு ஒன்று. வாரம் முழுவதும் எந்தச் செடியைத் தொடுவது, எத்தனை தொடுவது என்பதை அடுத்தவர்கள் சொன்னார்கள். இந்த ஒரு மணி நேரம் அவள் சொன்னபடி நடந்தது. தழை எது, கொட்டை எது, வறுப்பதா வறுக்காமல் போடுவதா, சீஸ் எத்தனை பிடி, எல்லாம் அவள் இஷ்டம். கெட்டுப்போனவையும் உண்டு. ஆர்ட்டிசோக் மொட்டின் வெளி இதழை இடித்து மூன்று வாரம் கசப்போடு மல்லுக்கட்டினாள், கடைசியில் விட்டுவிட்டாள். சுக்கினிக் காயைத் துருவி உப்பில் போட்டுப் பிழியாவிட்டால் ஜாடி முழுவதும் தண்ணீர் விடும் என்று தெரிய ஒரு கோடைக்காலம் பிடித்தது.

பொராஜ் கீரையும் அப்படித்தான். இலை முழுக்க நுண்ணிய முள் ரோமம். முதல் தடவை பச்சையாக இடித்துச் சாப்பிட்டுவிட்டு, தொண்டையில் பூனைமுடி சிக்கினாற்போல இரண்டு நாள் செருமிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் இலையை முக்கி, இருபது எண்ணி எடுத்து, ஐஸ் தண்ணீரில் போட்டு, துணியில் முறுக்கிப் பிழிந்து இடித்தாள். முள்ளெல்லாம் அடங்கி வெண்ணெய் மாதிரி வந்தது. கேரட் தழைக்கும் அதே வைத்தியம்தான். மண் வாடை போய்விடும். ஜெனோவாக்காரர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. பெஸ்டோவும் அதற்குப் போகும் இலையும் அடுப்பின் பக்கம் திரும்பக்கூடாது என்பது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு போனது. ஓர்னெல்லாவுக்கு அது போகவில்லை, அதனால் முக்கினாள்.

ஆறும் இப்படி ஒவ்வொன்றாக வருஷக்கணக்கில் வந்தவை. ஜாடி மூடியில் ஒட்டுக்காகிதத்தில் என்னென்ன போட்டது, என்றைக்குச் செய்தது என்று எழுதி வைப்பாள். எப்படி என்பதை எழுதியதில்லை. யார் கேட்டார்கள், எழுதுவதற்கு?

மாமியார் போய் ஒன்பது வருஷமாயிற்று. சாகும்வரை எட்டாவது பொருளை உரலில் போட்டதில்லை. அதில் அவள் உறுதியானவள், அந்த மட்டும் அவளை மெச்சத்தான் வேண்டும். இப்போது ரெமோ கரும்பலகையில் அவளை எழுப்பி உட்காரவைத்து ஆறு வகை இடிக்கவிட்டிருக்கிறான்.

மிச்சமிருந்த பாத்தியை ஓர்னெல்லா எப்படிப் பிடுங்கி முடித்தாளோ. அன்று அவள் கட்டிய கொத்துகளில் பாதியை மேஸ்திரி பிரித்துக் கட்டச் சொன்னார். இலை நசுங்கியிருந்ததாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் உரலை இறக்கவில்லை. பாஸ்தாவை வேகவைத்து, வடித்து, வெள்ளை வெளேரென்று அப்படியே தட்டில் போட்டு துல்லியோ முன்னால் வைத்தாள்.

துல்லியோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். இருபது டன் பெட்டியை ஒரு அங்குலம் பிசகாமல் இறக்குவான். ஒரு வார்த்தையை வாயிலிருந்து இறக்கச் சொன்னால் அரை நாள் ஆகும். தட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"பெஸ்டோ எங்க?"

"உங்கம்மா ஆறு வகை செஞ்சு வச்சிருக்காளாமே. அங்க போய் வாங்கிக்கோ."

அவன் காது மடல் சிவந்தது. அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இல்லாவிட்டால் ரெமோவுக்கு எப்படிப் போயிருக்கும்?

"எத்தனை ஜாடி குடுத்தே?"

"ரெண்டு மூணு."

"துல்லியோ."

"ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு" என்றான். "வர்றவங்க எல்லாம் இப்ப வேற வேற கேக்கறாங்களாம். பைன் கொட்டை ஒத்துக்காதாம், பேசில் சலிச்சுப்போச்சாம். ருசி பாக்கணும்னு கேட்டான். மூடியைப் பாத்து எழுதிக்கிட்டான். இதுல என்ன இருக்கு?"

"மாசக்கணக்கா எனக்குத் தெரியாம ஜாடியைத் தூக்கிட்டுப் போயிருக்கே. இதுல என்ன இருக்குன்னு என்னைக் கேக்கறே?"

"கேட்டா நீ குடுத்திருக்கமாட்டே."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்!" அவள் போட்ட சத்தத்தில் மாடிக்காரர்கள் வானொலியைத் தணித்தார்கள். "முப்பது வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் குடும்பத்துல எவனாவது 'ஓர்னெல்லா, இது நல்லாருக்கு, எப்படிச் செஞ்சே'ன்னு கேட்டிருந்தா ஜாடி என்ன, உரலையே தூக்கிக் குடுத்திருப்பேன். நீயே கேட்டதில்ல. நான் இல்லாதப்ப ஜாடிக்குள்ள ரொட்டியை விட்டுத் தோய்ச்சுத் தின்பே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? ஜாடி ஓரத்துல நான் வழிச்சு வைப்பேன், நீ குழி பண்ணி வைப்பே."

துல்லியோ வெறும் பாஸ்தாவை முள்கரண்டியால் கிளறினான். கேட்க வேண்டிய நேரம் இதுவல்ல என்று தெரிந்தும் கேட்டுவிடுகிறவனின் குரலில், "நாளைக்கு ரெமோ உன்னைக் கடைக்கு வரச் சொன்னான்" என்றான்.

"எதுக்கு?"

"பொராஜ் தொண்டைல குத்துதாம். எல்லாரும் இருமறாங்களாம்."

ஓர்னெல்லா சிரித்தாள். அவளுக்கே அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"வர்றேன்" என்றாள். "நிச்சயமா வர்றேன்."

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. சாயங்காலம் வேலை முடிந்து ஓர்னெல்லா துல்லியோவோடு போனாள். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. சுவரில் கொலொம்பாவின் புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கையில் குழவி, முன்னால் உரல், முகத்தில் அதே கண்டிப்பு. கரும்பலகை உள்ளே கொண்டுவந்து அடுப்படிக் கதவுப் பக்கம் சாத்தப்பட்டிருந்தது. ஆறு வரியும் அழியாமல் இருந்தன.

"வாங்க அண்ணி, வாங்க!" ரெமோ கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். காரியம் ஆக வேண்டியிருந்தால்தான் அவள் அண்ணி. மற்ற நாளில் வெறும் ஓர்னெல்லா. இன்றைக்குக் கோழிகளின் சௌக்கியத்தை அவன் விசாரிக்கவில்லை.

அடுப்படி மேசையில் இரண்டு கிண்ணம். "ருசி பாருங்க. எங்க தப்புன்னு தெரியல. அக்ரூட்டு காரல்னு நினைச்சு ரெண்டு தடவை மாத்திட்டேன். எண்ணெயை மாத்தினேன். மிலான்காரர் ஒருத்தர் இருமி இருமிக் கண்ணு தண்ணியாக் கொட்டி, கடைசில அவர் பொண்டாட்டி முதுகுல தட்ட வேண்டியதாப் போச்சு."

ஓர்னெல்லா ருசி பார்க்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது. பச்சையாக இடித்த பொராஜ், கிண்ணத்து ஓரத்தில் இழை இழையாக நின்றது. பக்கத்துக் கிண்ணத்தில் கேரட் தழை; மூக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டியதுகூட இல்லை, அப்போதுதான் தோட்டத்திலிருந்து பிடுங்கிய மண் வாடை அடித்தது.

"தண்ணி எதாவது காட்டினியா?" என்று மட்டும் கேட்டாள்.

"கழுவினேனே, நல்லா. மூணு தண்ணி."

"பச்சைத் தண்ணியிலயா?"

"பின்ன? வெந்நீர்லயா கழுவுவாங்க பெஸ்டோ இலையை?" ரெமோ துல்லியோவைப் பார்த்துச் சிரித்தான். அண்ணன் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை மடித்துக்கொண்டான். "விஷயம் இதான் அண்ணி. வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம பங்குக் கோயில்ல பசங்களுக்கு முதல் நற்கருணை விழா. நாப்பது பேருக்குச் சாப்பாடு இங்கதான். ஆறு வகையும் வேணும்னு சொல்லிட்டாங்க. பாதிரியாரும் வர்றார். நாப்பது பேரும் ஒரே நேரத்துல இருமினா என் மானம் போயிடும்."

"உன் மானமா?"

"கடை மானம்."

"பலகைல இருக்கறது உங்கம்மா பேரு. இருமினா அவங்க மானம்தானே போகும்?" ஓர்னெல்லா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "அந்தப் பேரை அழி, ரெமோ. நான் சொல்லித் தர்றேன். ரெண்டு வரி வேலை. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

ரெமோ மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, அறிவுள்ளவர்கள் அவசரக்காரர்களிடம் பேசும் குரலை எடுத்தான். "அண்ணி, இது வியாபாரம். கொலொம்பா அம்மான்னா ஒரு இது இருக்கு. படத்தைப் பாக்கறான், உரலைப் பாக்கறான், உக்காந்துடறான். ஓர்னெல்லாவின் ஆறு பெஸ்டோன்னு எழுதினா யாரு ஓர்னெல்லான்னு கேப்பான்."

"நீ சொல்லேன், யாருன்னு."

"சரி, 'நம்ம குடும்பத்துப் பெஸ்டோ'ன்னு போட்டுடறேன். போதுமா? அதுல நீங்களும் வந்துட்டீங்க, அம்மாவும் வந்துட்டாங்க."

"குடும்பம் என்ன செஞ்சுது தெரியுமா?" என்றாள் ஓர்னெல்லா. குரல் உயரவில்லை. முந்தின நாள் கத்தியபோது இல்லாத ஒன்று இப்போது அதில் இருந்தது. துல்லியோ கதவுப் பக்கம் ஒரு எட்டு நகர்ந்தான். "குடும்பம் அதைத் தூக்கிட்டுப் போய்க் கோழிக்குப் போட்டுது. குடும்பம் நாற்காலியைச் சாய்ச்சுச் சிரிச்சுது. பகல் பூரா உங்க பேசில்மேல குப்புறக் கிடந்துட்டு, மிச்சமிருந்த ஒரு மணி நேரத்துல நான் தனியா நின்னு இடிச்சேன். தொண்டைல குத்தினது எனக்கு. கசந்தது எனக்கு. அப்பல்லாம் இந்தக் குடும்பம் எங்க இருந்துது? இப்ப ஜனங்க நல்லாருக்குன்னு சொன்னதும் குடும்பம் எழுந்து வருதா? அதுவும் செத்துப்போனவங்க கையால? அவங்க உசிரோட இருந்திருந்தா இந்தப் பலகையை உன் தலைமேலயே உடைச்சிருப்பாங்க. அவங்களுக்குக்கூட இது அவமானம்டா."

"செத்தவங்களைப் பத்திப் பேசாதீங்க" என்றான் ரெமோ. அவன் முகமும் இப்போது சிவந்துவிட்டது. "நாலு இலையை இடிச்சதுக்கு இவ்வளவு பெருமையா? அண்ணா, நீயாவது சொல்லேன். ஒரு சாதாரண விஷயம், இலையை என்ன செய்யணும்னு ஒரு வார்த்தை. சொந்தக் கடைதானே?"

துல்லியோ தொண்டையைக் கனைத்தான். "சொல்லிடேன், ஓர்னெல்லா. நாப்பது பேர் வர்றாங்க. சின்னப் பசங்க."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். ரெமோ அப்போது அங்கே இல்லாதவன் மாதிரி ஆகிவிட்டான்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொல்லு. பலகையை அழிக்க வேண்டாம். படத்தை இறக்க வேண்டாம். உன் தம்பி மூஞ்சியைப் பாத்து வாயால சொன்னாப் போதும்." அவள் கையை நீட்டி ஆறு வரியையும் காட்டினாள். "இது யார் செஞ்சது?"

துல்லியோ மேசைமேல் கிடந்த ஈரத்துணியை எடுத்தான். ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை ஒரு மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தான். பொராஜ் கிண்ணத்தைத் தூக்கி, அடியில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தான். அடுத்த கிண்ணத்தையும் தூக்கினான்.

"அண்ணா இதுல என்ன சொல்லணும்?" என்றான் ரெமோ.

ஓர்னெல்லா காத்திருந்தாள். அவன் துடைப்பது மேசையின் மறுமூலைக்கு வந்து சேரும்வரை காத்திருந்தாள். அங்கே வந்ததும் துணியை மடித்துப் பிழிந்து, திரும்ப முதல் மூலைக்குப் போனான்.

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். கவிழ்ந்த நாற்காலிகளுக்கு நடுவே போகையில் பின்னாலிருந்து ரெமோ குரல் கொடுத்தான்.

"அண்ணி! இலையை என்னதான் செய்யணும்? அதையாவது சொல்லிட்டுப் போங்க!"

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.